பழைய டெக்னாலஜிக்கு ஒரு வருடம், புதியதற்கு மூன்று மாதம்: எந்த கான்ட்ராக்ட் நமக்கு?

ஐடியில் தனியாக கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்பவர்கள் மத்தியில் இப்போது அதிகம் அடிபடும் கேள்வி இது. கையில் பத்து, பன்னிரண்டு வருட மெயின்ஃபிரேம் (வங்கிகள் போன்றவை பயன்படுத்தும் பெரிய கணினி) அனுபவம் இருக்கிறது. நடுவில் பைத்தான், கிளவுட் என்று படித்து ஒன்றிரண்டு சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. இப்போது இரண்டு அழைப்புகள் சேர்ந்தாற்போல் வருகின்றன. ஒன்று, வெளிநாட்டு வங்கி ஒன்றின் கோபோல் (பழைய புரோகிராம் மொழி) சிஸ்டத்தைப் பராமரிக்கும் வேலை. 12 மாதம், அதற்கு மேலும் நீளும் என்கிறார்கள். இன்னொன்று, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஐ உதவியாளர் கட்டித் தரும் வேலை. 3 மாதம், நாள் ரேட் ஒன்றரை மடங்கு. எதை எடுப்பது?

மெயின்ஃபிரேமுக்குப் பதில் எஸ்ஏபி (நிறுவன நிர்வாக மென்பொருள்), ஆரக்கிள் ஃபார்ம்ஸ், பழைய ஜாவா என்று எதை வைத்தாலும் கேள்வி இதேதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்டின் நீளம் டெக்னாலஜியின் வயதைப் பொறுத்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த சிஸ்டம் கிளையண்டிடம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓடிக்கொண்டிருப்பதை ஓடவைக்க ஆள் தேடுகிறார்களா, வேறு இடத்துக்கு மாற்றவா, புதிதாகக் கட்டவா, இல்லை கட்டலாமா என்று சோதித்துப் பார்க்கவா? இந்த நான்கில் எது என்று தெரியாமல் 12, 3 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

பழையது ஏன் நீளமாக வருகிறது

கோபோல் மொழியை உருவாக்கும் வேலை 1959-ல் தொடங்கியது. ஐபிஎம் தன் சிஸ்டம்/360 இயந்திரத்தை 1964 ஏப்ரலில் அறிவித்தது. அதன் வாரிசுகள் இன்றும் புதிது புதிதாக வருகின்றன. இசட்17 வந்தது 2025-ல்தான். பழைய புரோகிராம் புதிய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்பதில் ஐபிஎம் பிடிவாதமாக இருந்தது. அதனால் முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் எழுதிய கோடு இன்றும் பல வங்கிகளில் தினமும் வட்டி கணக்குப் போடுகிறது. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். டாக்குமெண்ட் இருந்தால் அது பாதிதான் இருக்கும். அந்தச் சிஸ்டத்தைப் பற்றிய அறிவு, அதைப் பார்த்துக்கொள்கிற நான்கைந்து பேர் தலையில்தான் இருக்கிறது.

கான்ட்ராக்ட் நீளமாவதற்கு முதல் காரணம் இங்கேதான். கோபோல் மொழியை ஓரிரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட வங்கியின் பேட்ச் ஓட்டத்தில் (இரவில் வரிசையாகத் தானாக ஓடும் வேலைகள்) எந்த ஜாப் எதற்குப் பிறகு ஓட வேண்டும், எது நின்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டலாம், எதை அப்படி ஓட்டினால் ஒரே பணம் இரண்டு முறை வரவாகிவிடும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் தெரியும். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, வருடக் கடைசி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாப்கள் உண்டு. வருடக் கடைசி ஓட்டத்தை ஒருமுறையாவது முழுசாகப் பார்க்காதவரை யாரும் தனியாக விடமாட்டார்கள். அதோடு, பெரும்பாலான வங்கிகள் டிசம்பரில் ப்ரொடக்ஷனில் (நிஜமாகப் பயன்பாட்டில் ஓடும் சிஸ்டத்தில்) எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பூட்டிவைத்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்கு அக்டோபரில் வந்து டிசம்பரில் கிளம்பும் ஆள் எதற்கும் உதவமாட்டார். 12 மாதம் என்பது கிளையண்ட் நமக்குக் காட்டும் தாராளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கே அதற்குக் குறைவான காலத்தில் பயன் கிடைக்காது.

இரண்டாவது காரணம் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கான செலவு, வாடகை, மின்சாரம் மாதிரி வருடா வருடம் பட்ஜெட்டில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு யாரும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே எக்ஸ்டென்ஷனும் பட்ஜெட் வருடத்தோடு ஒட்டியே வரும்.

மூன்றாவது, போட்டி குறைவு. ரியாக்டோ பைத்தானோ படிக்க ஒரு லேப்டாப் போதும். மெயின்ஃபிரேமைப் பழக ஒரு மெயின்ஃபிரேமில் கணக்கு வேண்டும். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் போன்ற இலவசப் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஜேசிஎல், சிஐசிஎஸ், டிபி2 போன்ற மெயின்ஃபிரேம் கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நிஜ வேலைத்தளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அங்கே வராது. புதிதாக வருகிறவர்கள் குறைவாக இருப்பதால், இருக்கிற ஆளை விட கிளையண்டுக்கு மனசு வருவதில்லை.

இதில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அமெரிக்க வங்கிகளின் இரவு பேட்ச் நமக்குக் காலையிலிருந்து ஓடும். அதனால் ஜாப் நின்றால் பகலிலேயே பார்த்துவிடலாம், மீட்டிங்தான் ராத்திரியைத் தின்னும். பிரிட்டிஷ் வங்கி என்றால் பேட்ச் நமக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். அழைப்பு வந்தால் எழுந்தாக வேண்டும். 12 மாத கான்ட்ராக்ட் என்றால் 12 மாதமும் இந்தத் தூக்கம்தான்.

நீளமான பழையதிலும் ஒரு முடிவுத் தேதி இருக்கலாம்

பழையது என்றாலே பாதுகாப்பு என்று சொல்கிறவர்கள் மறக்கும் விஷயம் இது. புதிய டெக்னாலஜியில் ஒரு கான்ட்ராக்ட் போனால் இன்னொன்று வரும். பழையதில் ஒரு கிளையண்ட் சிஸ்டத்தையே மூடினால், அந்தச் சிஸ்டத்தைப் பற்றி நாம் சேர்த்த அறிவும் சேர்ந்து மூடப்படுகிறது. அதே சமயத்தில் அதே டீமில் இருந்த இருபது பேரும் வேலை தேடி வெளியே வருவார்கள்.

ஒய்2கே, அதாவது 2000-ஆம் ஆண்டைக் கணினிகள் தப்பாகப் படிக்கும் சிக்கல், இதற்குப் பெரிய உதாரணம். 90-களின் கடைசியில் நம் ஊர்க் கம்பெனிகள் பல வளர்ந்ததே தேதித் திருத்தும் கோபோல் வேலையில்தான். 2000 பிறந்ததும் அந்த வேலை வற்றியது. முடிவுத் தேதி என்ன என்பது முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு அப்படி ஒரு தேதி எஸ்ஏபி ஆட்களுக்கு இருக்கிறது. எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசி 6-ன் கடைசி மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2027 கடைசியோடு முடிகிறது என்று எஸ்ஏபி 2020-லேயே சொல்லிவிட்டது. கூடுதல் கட்டணம் கொடுத்தால் 2030 கடைசி வரை நீட்டிப்பு உண்டு. இசிசி தெரிந்த ஏபாப் (எஸ்ஏபியின் புரோகிராம் மொழி) டெவலப்பருக்கு இதற்கு நடுவில் நல்ல காலம்தான். புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறும்வரை பழையதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், மாற்றவும் ஆள் வேண்டும். ஆனால் வெறும் பராமரிப்பு கான்ட்ராக்டாக இருந்தால், கிளையண்ட் எந்தக் காலாண்டில் மாறப்போகிறார் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தேதிதான் உங்கள் உண்மையான கான்ட்ராக்ட் நீளம்.

ஒரு பழைய டெக்னாலஜிக்கு தேவை இருக்கிறது என்று செய்தி வருவதும், அதில் நீண்ட கான்ட்ராக்ட் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு 2020 ஏப்ரல் நல்ல சாட்சி. கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கணினிகள் திணறின. அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பொதுவெளியில் கேட்டார். உலகமே அதைப் பேசியது. அவர் கேட்டது தன்னார்வலர்களை. அவசரத்துக்குக் கூப்பிடுகிறவர் அவசரம் தீர்ந்ததும் அனுப்பிவிடுவார்.

விஷுவல் பேசிக் 6 மாதிரியானவை இன்னொரு ரகம். அதன் டெவலப்மெண்ட் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்தது. இன்றும் சில தொழிற்சாலைகளில் ஓடுகிறது. ஆனால் அங்கே வரும் வேலை ஒரு ரிப்போர்ட் மாற்ற, ஒரு பிரிண்டர் சிக்கல் தீர்க்க என்று ஒன்றிரண்டு வாரம்தான். வங்கி மெயின்ஃபிரேமும் பழையது, இதுவும் பழையது. நீளத்தில் எங்கே ஒற்றுமை? பின்னால் இருக்கும் நிறுவனத்தின் அளவும், சிஸ்டம் நின்றால் வரும் நஷ்டமும்தான் வித்தியாசம்.

புதியது ஏன் குட்டையாக வருகிறது, எப்போது நீள்கிறது

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த ஏஐ வேலைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை பிஓசி. அதாவது, இது நமக்குச் சரிப்பட்டு வருமா என்று சோதிக்கும் வேலை. சோதனைக்கு ஒதுக்கிய பணம் ஒரு காலாண்டுக்கோ இரண்டு காலாண்டுக்கோதான் இருக்கும். மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு டெமோ, மேலிடத்தில் ஒரு முடிவு. வேண்டாம் என்றால் கான்ட்ராக்ட் அங்கேயே முடிந்தது. வேண்டும் என்றால் இனிமேல் நிரந்தர ஆட்களை எடுத்து உள்ளேயே வளர்ப்போம் என்பார்கள். இரண்டு வழியிலும் நாம் வெளியே. கான்ட்ராக்ட் டு ஹயர் (கான்ட்ராக்டிலிருந்து நிரந்தர வேலைக்கு மாறுவது) என்று கேட்பார்கள். ஃபிரீலான்ஸராகவே இருக்க நினைப்பவருக்கு அதுவும் ஒரு முடிவுதான்.

குட்டையான கான்ட்ராக்டில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் பின்னணிச் சரிபார்ப்பு முடியவே சில வாரம். அப்புறம் லேப்டாப், விபிஎன், அந்த அனுமதி, இந்த அனுமதி. இதில் பாதி நாட்களுக்குப் பில் போட முடியாது. 12 மாத வேலையில் இதே தாமதம் வந்தால் வருடத்தில் ஒருமுறை வரும். 3 மாத வேலைகளில் ஒவ்வொரு முறையும் வரும்.

ஆனால் இதை வைத்துப் புதியது என்றாலே மூன்று மாதம் என்று முடிவு கட்டக் கூடாது. கிளவுடில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் அறிவிக்கப்பட்டது, 2015-ல் 1.0 வந்தது. இப்போது வருடத்துக்கு மூன்று வெளியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். இணையப் பக்கங்களைக் கட்டும் ஆங்குலரிலும் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18 மாத ஆதரவு. இதன் பொருள் என்ன? சோதனைக் கட்டத்தைத் தாண்டி ப்ரொடக்ஷனுக்குப் போய்விட்டால், அந்தச் சிஸ்டத்தை ஒரு வருடம் சும்மா விட முடியாது. மெயின்ஃபிரேமில் பத்து வருடமாகத் தொடாத புரோகிராம் ஓடும். இங்கே தொடாமல் விட்டால் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுவிடும். ஆகவே குபெர்னெட்டஸ் ப்ளாட்ஃபார்மைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு கான்ட்ராக்ட் மெயின்ஃபிரேம் ஆளுக்கு வருவதைப் போலவே வருடக்கணக்கில் நீள்கிறது. காரணமும் அதேதான்: அது ஓடவைக்கும் வேலை, வழக்கமான பட்ஜெட்டில் வரும் வேலை.

புதியது பழையதாக எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கும் ஆங்குலர் குடும்பமே உதாரணம். ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் ஆங்குலர் 2 வந்தபோது ஏறக்குறைய எல்லாம் மாறியிருந்தது. பழையதற்கான ஆதரவு 2021 கடைசியில் முடிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு திறமை வேண்டும் வேண்டும் என்ற நிலையிலிருந்து, யாராவது மாற்றிக் கொடுங்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. கோபோலுக்கு அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த நிலை முழுசாக வரவில்லை.

காகிதத்தில் 12 மாதம், உண்மையில் எத்தனை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். 12 மாத கான்ட்ராக்டில், கிளையண்ட் 15 நாள் நோட்டீஸில் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்று ஒரு வரி இருந்தால், உங்களிடம் இருப்பது 15 நாள் கான்ட்ராக்ட்தான். மிச்சமெல்லாம் எதிர்பார்ப்பு. 3 மாத கான்ட்ராக்டில் நடுவில் நிறுத்தினாலும் முழு மூன்று மாதப் பணம் தரப்படும் என்று இருந்தால் அது உறுதியான மூன்று மாதம். எது நீளம்?

பல பேர் கால அளவையும் ரேட்டையும் மட்டும் பேசிவிட்டு நோட்டீஸ் பகுதியை வெண்டார் (கிளையண்டுக்கு ஆள் அனுப்பும் இடைநிலை நிறுவனம்) அனுப்பியபடியே கையெழுத்துப் போடுகிறார்கள். நோட்டீஸ் இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். கிளையண்டுக்கு 15 நாள், நமக்கு 60 நாள் என்று எழுதிய கான்ட்ராக்ட்கள் எத்தனையோ உண்டு. நடுவில் வெண்டார் இருந்தால் இன்னொரு சிக்கல்: எண்ட் கிளையண்ட் வெண்டாருக்குத் தரும் நோட்டீஸைவிட நமக்கு வரும் நோட்டீஸ் குறைவாக இருக்கலாம். அதை நேரடியாகக் கேட்கலாம், தப்பே இல்லை.

பழைய டெக்னாலஜியில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சில் நல்ல பலம் இருக்கிறது, ஆனால் பயன்படுத்துவதில்லை. கேடி (பழைய ஆளிடமிருந்து வேலையைக் கற்றுக்கொள்ளும் கட்டம்) முடிந்து ஒரு வருடக் கடைசியையும் பார்த்த ஆளை மாற்றுவது கிளையண்டுக்குப் பெரிய தலைவலி. முதல் எக்ஸ்டென்ஷன் பேச்சு வரும்போது ரேட்டை உயர்த்தக் கேட்கிற நேரத்திலேயே நோட்டீஸையும் 60 நாளாக்கக் கேளுங்கள். ரேட்டில் ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட இதில் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அது பாதுகாப்பு என்பதால்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

எண்களை உதாரணத்துக்காக நான் வைக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வேலைக்கு நாள் ரேட் 10,000 ரூபாய், புதியதற்கு 15,000. நீண்ட கான்ட்ராக்டில் விடுமுறை, விடுப்பு எல்லாம் போக வருடத்துக்கு 220 நாள் பில் போடலாம் என்றால் 22 லட்சம் வரும். அதே 22 லட்சத்தை 15,000 ரேட்டில் சம்பாதிக்க 147 நாள் போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 147 நாள் என்பது 3 மாத கான்ட்ராக்ட் கணக்கில் எத்தனை? ஒரு கான்ட்ராக்டுக்கு 60 நாள் பில் என்று வைத்தால் ஏறக்குறைய இரண்டரை. அரை கான்ட்ராக்ட் என்று ஒன்று கிடையாது. வருடத்தில் மூன்று கிடைத்தால் 180 நாள், 27 லட்சம்; பழையதைவிட 5 லட்சம் கூடுதல். இரண்டுதான் கிடைத்தால் 120 நாள், 18 லட்சம். 4 லட்சம் குறைவு. ஆக, முழு ஒப்பீடும் அந்த மூன்றாவது கான்ட்ராக்ட் கிடைக்குமா என்பதில்தான் நிற்கிறது. அதைத் தீர்மானிப்பது உங்கள் திறமையைவிட உங்களுக்குத் தெரிந்த ஆட்கள். முன்பு வேலை செய்த இரண்டு மூன்று கிளையண்ட்கள் நீங்கள் கேட்காமலேயே கூப்பிடுவார்களா? அப்படி யாரும் இன்னும் இல்லையென்றால் இரண்டு கான்ட்ராக்ட் என்றே கணக்கு வையுங்கள்.

இந்த எண்கள் வரிக்கு முன்னால். இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒப்பிடவே கூடாது. இந்தியாவில் 12 மாத கான்ட்ராக்ட் என்று வருவதில் பல, உண்மையில் வெண்டாரின் பேரோலில் சம்பளமாக வருபவை. பிஎஃப் பிடிப்பார்கள், சம்பளத்துக்கான வரி பிடிப்பார்கள். நாமே பில் போட்டுத் தொழில்முறைக் கட்டணமாக வாங்கினால், 44ஏடிஏ என்று நமக்குப் பழகிய உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் வருடம் 75 லட்சம் வரவு வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். பேரோலில் வரும் சம்பளத்துக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே பேரோலில் வரும் 22 லட்சமும் பில் போட்டு வாங்கும் 22 லட்சமும் கையில் ஒரே தொகையாக வராது. வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கிளையண்ட் வெளிநாட்டில் இருந்தால் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி) தாக்கல் செய்துவிட்டு வரி வசூலிக்காமல் பில் போடலாம்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதும் நீளத்தோடு சேர்ந்த விஷயம். மூன்று மாத வேலையில் வெண்டார் 60 நாள் கழித்துத்தான் தருவார் என்றால், வேலையின் பெரும்பகுதி முடியும்வரை ஒரு ரூபாய்கூட வராது. உத்யமில் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சேவை நிறுவனமாகப் பதிந்திருந்தால் 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பதிவு செய்ய அதிக நேரம் ஆகாது. குட்டையான கான்ட்ராக்ட் எடுக்கும் எல்லோரும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் கான்ட்ராக்ட் செய்யும் நம்மவர்களுக்கு ஒரு வரி: ஐஆர்35 (கான்ட்ராக்டரை வரிக்கு ஊழியராகக் கருதலாமா என்ற பிரிட்டிஷ் விதி) விஷயத்தில் உங்கள் நிலையைத் தீர்மானிக்கும் பொறுப்பு அரசுத் துறையில் 2017 ஏப்ரலிலும், தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களில் 2021 ஏப்ரலிலும் கிளையண்டிடம் போய்விட்டது. நீளம் மட்டுமே நிலையை முடிவு செய்யாது. ஆனால் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் டீமோடு கலந்து உட்கார்ந்திருப்பது ஊழியர் மாதிரித் தோன்ற வைக்கும். அங்கே 12 மாத எக்ஸ்டென்ஷனை ஒப்பிடும்போது அந்தக் கோணமும் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலை

பழையதா புதியதா என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பேசுவதில் நடுவில் இருக்கும் மைக்ரேஷன் வேலை கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது. எனக்கு அதுதான் நல்லதாகப் படுகிறது. பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாறும் வேலைக்கு கிளையண்ட் போடும் காலம் எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும், நடப்பது அதைவிட நீளும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியை நினைத்துப் பாருங்கள். 2018 ஏப்ரலில் லாயிட்ஸ் வங்கியின் சிஸ்டத்திலிருந்து தன் அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பெயினின் சபாடெல் கட்டிய ப்ளாட்ஃபார்முக்கு 50 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, ப்ளாட்ஃபார்ம் தாங்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். வங்கி வழக்கமான நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இதற்குப் பிறகு எந்த வங்கி மைக்ரேஷன் செய்தாலும் இரண்டு பக்கமும் தெரிந்த ஆளை, மாறி முடித்த பிறகும் சில மாதம் பிடித்து வைத்துக்கொள்ளவே விரும்பும். பழைய சிஸ்டத்தில் இந்தத் தொகை ஏன் இப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்து, புதிய சிஸ்டத்தில் அதைச் சரிபார்க்கவும் தெரிந்தவர்தான் அந்த ஆள்.

ஏஐ வந்து இதையும் முடித்துவிடாதா என்று கேட்கிறார்கள். கோபோலை ஜாவாவாக மாற்ற உதவும் கருவியை ஐபிஎம் 2023-ல் கொண்டுவந்தது, மற்றவர்களும் கொண்டுவந்திருக்கிறார்கள். மொழிமாற்றும் நேரம் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாறியது சரியா என்று பழைய வெளியீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடும் பொறுப்பு மனிதரிடம்தான் இருக்கிறது, அந்த வேலைதான் இவற்றில் அதிக நேரம் எடுப்பதும். முன்பு செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்ட நிறுவனங்கள் இப்போது மைக்ரேஷனைத் தொடங்க இந்தக் கருவிகளே காரணமாகலாம் என்றும் நினைக்கிறேன். அப்படி நடந்தால் வெறும் பராமரிப்பு கான்ட்ராக்ட்களின் நீளம் குறையும், மைக்ரேஷன் கான்ட்ராக்ட்களின் எண்ணிக்கை கூடும்.

யார் எதை எடுக்கலாம்

வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருத்துவம் எல்லாம் ஒரே வருமானத்தில் ஓடுகிறது, ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இன்னும் சேரவில்லை என்றால் நீண்ட பழைய கான்ட்ராக்டை எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எடுக்கும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: சிஸ்டத்தை எப்போது மாற்றப்போகிறார்கள், நோட்டீஸ் எத்தனை நாள், மாற்றும் திட்டம் வந்தால் அதில் உங்களுக்கு இடம் உண்டா. மூன்றாவது கேள்விக்கு உண்டு என்று பதில் வந்தால் ரேட் கொஞ்சம் குறைந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

நாலைந்து வருட அனுபவம், குடும்பப் பொறுப்பு அதிகம் இல்லை என்றால் குட்டையான புதியவற்றை எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ப்ரொடக்ஷனைத் தொடும் வேலை கொஞ்சமாவது இருக்கிறதா என்று பாருங்கள். டெமோவோடு நின்ற மூன்று பிஓசிக்களைவிட, ப்ரொடக்ஷனுக்குப் போய் ஆறு மாதம் ஓடிய ஒன்று அடுத்த கான்ட்ராக்டில் அதிகம் பேசும். ஏஐ உதவியாளர் ஒன்றைக் கட்டியவர் என்பதைவிட, அதை நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும்போது செலவையும் தவறுகளையும் கட்டுக்குள் வைத்தவர் என்பதற்குத்தான் நீண்ட கான்ட்ராக்ட் வருகிறது.

நடுவில் இருப்பவர்கள், அதாவது பழையதில் பத்து வருடம் முடித்து, ஓரளவு சேமிப்பும் இருப்பவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள். இவர்கள் பழையதை ஒரேயடியாக விட்டுவிட்டு ஏஐக்குத் தாவினால், அங்கே மூன்று வருட அனுபவக்காரரோடு அவர் ரேட்டில் போட்டியிட வேண்டிவரும். வங்கி, இன்சூரன்ஸ் என்று தங்களுக்குத் தெரிந்த துறையிலேயே நின்றுகொண்டு, மைக்ரேஷன், டேட்டா சரிபார்ப்பு, பழைய சிஸ்டத்துக்கு முன்னால் ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் அதோடு பேச உதவும் இணைப்பு) கட்டுவது போன்ற வேலைகளைத் தேடினால் பத்து வருடமும் கணக்கில் வரும். அந்த வேலைகள் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதத்துக்கு வருகின்றன, பிறகு நீள்கின்றன.

எதை எடுத்தாலும் எக்ஸ்டென்ஷன் பேச்சைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். 12 மாத வேலையில் முடிவதற்கு 60 நாள் முன்பே, 3 மாத வேலையில் இரண்டாவது மாதம் முடியும்போதே எழுத்தில் கேளுங்கள். பட்ஜெட் வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ளாமல் அன்றே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். நீங்கள் தேடுவது தெரிந்ததும் எழுத்தில் பதில் தரும் கிளையண்ட்கள் நிறையப் பேர் உண்டு.